சூசை மச்சான் அஜாக்கிரதையான ஆள் இல்லை

சூசை மச்சான் இறந்துவிட்டார் என்ற செய்தியை எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கொண்டுவந்தவர் தோட்டத்துக் கிளார்க்கான கிராணி. தோட்டத்தில் டெலிபோன் அவருடைய ஆபீசில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே நல்லது கெட்டது இரண்டும் அவர் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேரும். மச்சானைக் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவர் மனைவியான என் அக்காவை அழைத்து வரச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ரவாங் பேக்டரி பஸ்ஸிலிருந்து அக்கா அப்போதுதான் இறங்கியிருந்தாள். சாப்பாட்டுச் சட்டியைக்கூட கீழே வைக்கவில்லை.

"செல்வி, சூசை போயிட்டான்மா" என்றார் கிராணி. "அஜாக்கிரதையா உள்ள பூந்துட்டான். நான் என்னா செய்ய?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரே தொடர்ந்தார். "முதலாளியும் போன் பண்ணாரு. மல்லிக்குக் கால்ல தையல் மட்டுந்தானாம். பயப்பட ஒன்னும் இல்லையாம்."

மல்லி என்பது முதலாளியின் குதிரை. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே மூச்சில் வந்த தோட்டம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

மச்சான் போய் இன்று முப்பதாம் நாள். காலையில் மாதா கோயிலில் பாதிரியார் பூசை வைத்தார், மாலையில் தோட்ட மன்றத்தில் நீங்கள் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். மன்றச் செயலாளர் அண்ணன் போன வாரம் என்னைப் பிடித்து, "குணா, நீதான் வாய்க்கொழுப்பு புடிச்சவன், நல்லா எழுதுவ. சூசையப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதி வாசி. சிரிப்பு இருந்தா பரவால்ல. பட்டாசு கிட்டாசுன்னு எதையும் இழுக்காத லா" என்றார். சரி அண்ணே. சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

மச்சான் என்ன வேலை செய்தார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துப் பழைய திடலைக் குத்தகைக்கு எடுத்து, கோலாலம்பூர் முதலாளி ஒருவர் குதிரைகள் வளர்க்கிறார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை சில, தடை தாண்டும் போட்டிக்குப் போகிறவை சில. அவற்றை ஒரு லேண்ட் ரோவரின் பின்னால் டிரெய்லரில் ஏற்றி, போட்டிக்கும் வைத்தியத்துக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவது மச்சானின் வேலை. டிரெய்லர் பின்னால் இருந்தால் அவர் வேகமாக ஓட்டவே மாட்டார். சைக்கிளில் போகும் ரப்பர் பால்வெட்டுப் பெண்கள் அவரை முந்திவிட்டுக் கையாட்டுவார்கள். அவருக்கு 'மெதுவடை' என்று பெயர் வைத்தது நான்தான். அந்தப் பெயர் ஈஜோக் வரைக்கும் பரவிவிட்டது. அங்கே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்காரர், அவர் உட்காருவதற்கு முன்பே தட்டில் மெதுவடையை வைத்துவிட்டுச் சிரித்தார். மச்சான் அதைச் சாப்பிட்டுவிட்டு, "சூடா இருக்கு. மெதுவாத்தான் தின்னணும்" என்றார். பெயர் வைத்தவனுக்கு அதற்கு மேல் என்ன தண்டனை வேண்டும்?

அவர் வேதக்காரர், கிறிஸ்தவர் என்பதால் அம்மாவுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. பெண் கேட்க வந்த அன்றும் டிரெய்லரோடுதான் வந்தார். குதிரையை இறக்கிவிட்டு வர நேரமில்லையாம். அப்பா வாசலில் நின்று, அந்த வண்டி லயத்து முனையில் திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் வரை ஒரு சுருட்டு முழுவதையும் பிடித்து முடித்தார். பிறகு அம்மாவிடம், "இவன் உன் பொண்ணத் தூக்கிட்டு ஓட மாட்டான். ஓடினாலும் நடந்தே போய்ப் புடிச்சிரலாம்" என்றார். கல்யாணம் அந்த வாக்கியத்தில் முடிவாயிற்று.

ஒருமுறை டிரெய்லரின் பின்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் நான் எழுதி வைத்தேன்: 'கோலாலம்பூர் நேர்வழி. நின்று பயணிப்போருக்கு மட்டும்.' அவர் பார்த்தார், அழிக்கவில்லை. அப்படியே கோலாலம்பூர் போய் வந்தார். திரும்பி வந்தபோது கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது: 'நடத்துநர் வேலைக்கு மைத்துனர் தேவை. மூளை அவசியமில்லை.'

அதற்குப் பழி வாங்க ஒரு பந்தயம் கட்டினேன். மெதுவாக ஓட்டுவதெல்லாம் பயந்தாங்கொள்ளித்தனம், குதிரை என்ன கண்ணாடிச் சாமானா என்று அக்கா முன்னால் கேட்டேன். "அப்படியா மாப்ள? ஏறு" என்றார். காலி டிரெய்லரில் என்னை நிற்க வைத்தார். ஒரு நிபந்தனை: எதையும் பிடிக்கக் கூடாது, இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள். அக்கா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். செம்மண் சாலையில் அவர் ஓட்டியது வழக்கமான வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முதல் வளைவில் சுவரில் மோதினேன். இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டேன். பிரேக் போட்டபோது, குதிரை முன்னால் சரியாமல் தடுக்கக் குறுக்கே வைத்த முன்கம்பியில் வயிறு சிக்கி, மத்தியானம் தின்ற நாசி லெமாக் வெளியே வந்தது. கதவைத் திறந்தவர், "என்னா மாப்ள, கைய வெளிய எடுத்துட்ட?" என்றார்.

"விழுந்துட்டா புடிக்க மாட்டாங்களா?"

"குதிரைக்குக் கை இல்லடா. பிரேக் போடப் போறாங்கன்னு அதுக்கு முன்னாடியே தெரியவும் தெரியாது. மிதிக்கிறவன் நானு, விழறது அது."

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிரெய்லரைக் கழுவியது நான்.

பள்ளி விடுமுறையில் அவரோடு ஈப்போவுக்கு ஒரு போட்டிக்குப் போனேன். ரவாங், செரண்டா, தஞ்சோங் மாலிம் என்று பழைய ரோட்டிலேயே போக வேண்டும். மரக்கட்டை லோரிகள் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வரும். அன்று மல்லி மட்டும்தான் பயணி. இரண்டு பேர் நிற்கும் இடத்தில் ஒருத்திதான் என்றால் அவளை எப்போதும் வலப்பக்கம்தான் நிறுத்துவார். ரோடு நடுவில் மேடு, இடது ஓரம் சரிவு. பாரம் இடப்பக்கம் இருந்தால் டிரெய்லர் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே போகும். அவளைக் கட்டுகிற கயிற்றைச் சுவர் வளையத்தில் நேராக முடிய மாட்டார். வளையத்தில் முதலில் ஒரு சாக்குச் சணல் கண்ணியைப் போட்டு, அதில்தான் கயிற்றைக் கட்டுவார். சணல் இற்றுப்போனது போலத் தெரிந்தது. "இது அறுந்துடும் மச்சான்" என்றேன்.

"அறுந்து போறதுக்குத்தான் கட்டறது. மிரண்டு இழுத்துச்சுன்னா சணல் தோக்கணும். கழுத்து தோக்கக் கூடாது."

தஞ்சோங் மாலிமில் நிறுத்தினார். வீட்டிலிருந்தே பீப்பாயில் கொண்டுவந்த தண்ணீரை வைத்தார். ஊர்த் தண்ணீரின் வாடை பிடிக்காவிட்டால் மல்லி குடிக்க மாட்டாள். தலையைத் தாழ்த்தி மூக்கைச் சிந்தக் கயிற்றைத் தளர்த்திவிட்டார். நாள் முழுக்கத் தலையைத் தூக்கியே நின்றால் குதிரைக்கு நெஞ்சில் சளி இறங்கிவிடுமாம். பின்னால் காரில் வந்த முதலாளி இறங்கிக் கத்தினார். "சூசை, மத்தியானம் போட்டி! இது என்னா, பெலான் பெலான், ஆமை மாதிரி?"

மச்சான் பணிவாகத்தான் சொன்னார். "முதலாளி, நீங்க முன்னால போங்க. நான் வேகமா வந்தா வண்டிதான் சீக்கிரம் வரும், குதிரை லேட்டாத்தான் வரும்." முதலாளிக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கு ஈப்போவில் புரிந்தது. மற்ற வண்டிகளில் வந்தவை வியர்த்து, நடுங்கி, வாயில் நுரையோடு இறங்கின. மல்லி பலகையில் இறங்கி, சுற்றிப் பார்த்து, புல்லில் வாயை வைத்தாள்.

அவரைத் தேவன் என்று நான் சொல்லப் போவதில்லை. கேரம் ஆட்டத்தில் தோற்றால் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலும் குதிரை வாடை அடிக்கும். கிள்ளானுக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, குதிரை இருமுகிறது என்று கொட்டகைக்குப் போய்விடுவார். "எனக்கு இருமல் வந்தா மாத்திரை. அதுக்கு இருமல் வந்தா இவரே பக்கத்துல" என்று அக்கா அப்போது சிரித்துக்கொண்டே சொல்லுவாள். இப்போதும் சொல்கிறாள். சிரிப்பு மட்டும் இல்லை.

இனி செயலாளர் அண்ணன் வேண்டாம் என்ற இடத்துக்கு வருகிறேன்.

புது டிரெய்லர் வந்தது. முதலாளி அதற்குப் பூஜை போடச் சொல்லித் தோட்டத்துக் கோயில் தலைவரான கிராணியிடம் ஒப்படைத்தார். மச்சான் அதை எதிர்த்தார் என்று இப்போது பேசுகிறீர்கள். அவர் எதிர்க்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் கிராணி வீட்டு வாசலில் அவர் சொன்னது இதுதான், பக்கத்தில் நான் நின்றேன்: "ஐயா, தேங்காய் ஒடைங்க, சூடம் காட்டுங்க, எலுமிச்சம்பழத்த நானே டயருக்கு அடியில வைக்கிறேன். வண்டி காலியா இருக்கட்டும். குதிரைய ஏத்திட்டு எதுவும் வேண்டாம்."

கிராணி சிரித்தார். "ஏன்டா, உங்க சாமிக்குப் பட்டாசு புடிக்காதா?"

"சாமிக்குப் புடிக்கும். மல்லிக்குத்தான் புடிக்காது."

மறுநாள் காலை மச்சான் தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பக் கொட்டகைக்குப் போயிருந்தார். ராகு காலம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஐயர் அவசரப்பட்டார். அப்போது கிராணிக்கு ஒரு யோசனை வந்தது. காலி வண்டிக்குப் பூஜை போட்டால் அந்த வண்டி காலியாகவே ஓடும், முதலாளிக்கு நல்லதில்லை என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். வண்டிக்குப் பூஜை போடும்போது டிரைவர் சீட்டில் ஆளை உட்கார வைக்கிறோமே, குதிரை வண்டிக்குக் குதிரைதானே ஆள் என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்துக்கே அது சரியாகப் பட்டது. சாதுவான குதிரை என்று மல்லியைக் கொண்டுவந்து ஏற்றிப் பின்பலகையை மூடினார்கள். புது வண்டியில் பழைய சாக்குச் சணல் அசிங்கமாக இருக்கிறதாம். தோரணத்துக்கு வாங்கிய மஞ்சள் நைலான் கயிற்றால் வளையத்திலேயே இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டார்கள். படம் பிடிக்க அழகாக இருக்கும் என்று கிராணி தன் ஆறு வயது மகளுக்குப் பாவாடை கட்டி, முன்கம்பிக்கு முன்னால் இருக்கிற தீவனப் பெட்டிமேல் உட்கார வைத்தார். குதிரையின் முகத்துக்கு நேரே.

தேங்காய் உடைத்தார்கள். மல்லி காதை ஆட்டினாள், அவ்வளவுதான். மேளம் அடித்தார்கள், உள்ளே குளம்புகள் மாற்றி மாற்றி விழும் சத்தம் கேட்டது. நான் மச்சானைக் கூப்பிட ஓடினேன். கொட்டகைக்குப் பாதி வழியில் சரவெடி தொடங்கியது. டிரெய்லருக்குப் பக்கத்து மாமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குள் மச்சானே எதிரில் ஓடி வந்துகொண்டிருந்தார். மெதுவடை என்று நான் பெயர் வைத்த ஆள் என்னைக் கடந்து போன வேகத்தை அன்றுதான் பார்த்தேன்.

தகரத்துக்குள் இடி இடிப்பது போலிருந்தது. மல்லி பின்னால் இழுத்திருக்கிறாள், நைலான் விடவில்லை. விடாததால் முன்னால் எகிறி, இரண்டு முன்னங்கால்களும் முன்கம்பியைத் தாண்டிப் பிள்ளை இருந்த பக்கம் தொங்கின. பிள்ளை மூலையில் ஒட்டிக்கொண்டு கத்தியது. பின்பலகையைத் திறக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கிராணி "ஐயோ, ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தார். உதைக்கிற குதிரை உள்ளே இருக்கும்போது முன்பக்கச் சின்னக் கதவு வழியாக யாரும் நுழையக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் மச்சான்தான். அந்தக் கதவைத் திறந்து அவர்தான் நுழைந்தார். பின்னாலேயே வந்த நான் கதவடியில் நின்றேன். "மல்லி... மல்லிக்கண்ணு..." என்று, தூங்க வைக்கிற குரலில் பேசிக்கொண்டே குனிந்தார். "புடி மாப்ள" என்று பிள்ளையைத் தூக்கி என் கையில் தள்ளினார்.

அப்போதே அவர் வெளியே வந்திருக்கலாம்.

வரவில்லை. மல்லியின் கழுத்தில் கயிறு இறுகி, அவள் மூச்சு விசில் மாதிரி வந்தது. இடுப்புக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். இழுப்பு விட்டதும் அவளுடைய முழு எடையும் கம்பியோடு பக்கவாட்டில் சரிந்தது. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் மச்சான் நின்றிருந்தார்.

பிள்ளை வந்த பிறகு ஏன் வரவில்லை என்று அக்கா என்னைத் தினமும் கேட்கிறாள். "அந்தப் புள்ளைக்காகப் போனாருன்னா நான் ஒத்துக்கறேன்டா. குதிரைக்காக இருந்தாருல்ல? என்னை நெனைக்கலல்ல?" அக்காவின் கோபம் உண்மையைப் பார்த்துக் கோபப்படுகிற கோபம். நீங்கள் அவளுக்குச் சொன்ன ஆறுதல்கள் வேறு.

போலீஸ் வந்தது. பூஜை அமைதியாக நடந்தது, தீபம் மட்டும்தான் காட்டினோம், குதிரை தானாக மிரண்டது, டிரைவர் அஜாக்கிரதையாக உள்ளே நுழைந்தார் என்று கிராணி சொன்னார். மாமரத்தடியில் கிடந்த பட்டாசுச் சிவப்புக் காகிதத்தை அதற்கு முன்பே கூட்டி எரித்துவிட்டார்கள். கூட்டியவர்களும் இந்த மன்றத்தில் இருக்கிறீர்கள். என்னைக் கேட்டபோது, "அவன் சின்னப் பையன் சார், எப்பவும் விளையாட்டுப் பேச்சு, மச்சான் செத்த அதிர்ச்சி வேற" என்று தள்ளிவிட்டார்கள். என் வாயை வைத்தே என் வாயை அடைத்தது நல்ல வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். பிறகு, சாமியை மதிக்காததால்தான் சாமி எடுத்துக்கொண்டது என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு எழுந்தது. அதை என் அம்மாவே வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்கா இருக்கும்போது சொன்னாள். அன்றிலிருந்து அக்கா அம்மா கையால் சாப்பிடுவதில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். போன புதன்கிழமை கிராணி மகள் பள்ளிக்கூட வேலி ஓரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளாகவே சொன்னாள். "அண்ணா, பட்டாசு வெடிக்கல. நான் பாக்கல."

நான் எதுவும் கேட்கவே இல்லை. இப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மச்சான் உயிரோடு வெளியே தள்ளிய பிள்ளைக்கு நம் தோட்டம் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது.

இறந்தவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டாய் என்று இப்படிப்பட்ட கூட்டங்களில் சொல்ல வேண்டுமாம். அவருடைய கத்தியை முதலாளி ஆள் வந்து கொட்டகைச் சாமான் என்று வாங்கிப் போய்விட்டான். தொப்பி அக்காவிடம் இருக்கிறது, தர மாட்டாள். என்னிடம் இருப்பது அந்தப் பிள்ளையின் கனம் மட்டும்தான். பயத்தில் விறைத்து, பாவாடை நனைந்து, என் கழுத்தை நெரித்துப் பிடித்திருந்த கனம். அதைச் சின்னப் பையனின் விளையாட்டுப் பேச்சு என்று யாராலும் தள்ள முடியாது. என் கை அதைப் பிடித்தது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அக்காவும் நானும் போலீஸ் நிலையத்துக்குப் போகிறோம். ரிப்போர்ட்டில் இருக்கிற 'அஜாக்கிரதை' என்ற சொல்லை எடுக்கச் சொல்லப் போகிறோம். அவர்கள் எடுக்காமல் போகலாம். ஆனாலும் சரவெடியை வாங்கியவர், கட்டியவர், கொளுத்தியவர் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் வருவோம்.

கிராணி ஐயா, நீங்கள் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் பார்த்ததை அவளே சொல்லட்டும். பஸ்ஸில் இடம் இல்லாவிட்டால் நான் நின்றுகொண்டு வருகிறேன்.